டாலரண்ட் என்றால் தாங்குவதா, பொறுப்பதா?

2025-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவருக்கு அறிவிக்கப்பட்டது. உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தில் உள்ள 'டாலரன்ஸ்' பற்றிய கண்டுபிடிப்புக்காக அந்தப் பரிசு. இதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்றால் உடனே கைக்கு வரும் சொல் 'சகிப்புத்தன்மை'. ஆனால் அதே சொல்லைத்தான் மதக் கலவரத்தை ஒட்டிய அறிக்கைகளிலும், வறட்சியைச் சமாளிக்கும் நெல் ரகத்துக்கும், பால் குடித்தால் வயிறு உப்பும் தொல்லைக்கும் போடுகிறோம். லேத் பட்டறையில் மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை. அங்கே 'டாலரன்ஸ்' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஒரே சொல் இத்தனை இடத்தில் வந்தால் குழப்பம் வரத்தான் செய்யும். இதை மொழிபெயர்ப்புச் சிக்கல் என்று மட்டும் எண்ணி விட்டுவிட முடியாது. டாலரன்ஸ் என்ற குணத்தையும், அந்தக் குணம் உள்ளதைச் சொல்லும் டாலரண்ட் என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டால், உள்ளே இரண்டு வேறு வேறு பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கலந்துவிட்டால் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதே மாறிப்போகிறது.

சொல்லின் வேர்

டாலரண்ட் என்ற ஆங்கிலச் சொல் லத்தீனின் 'டோலராரே' என்ற வினையிலிருந்து வந்தது. சுமத்தல், தாங்கல் என்று பொருள். முதலில் வலியையோ துன்பத்தையோ தாங்கும் திறனைத்தான் இது குறித்தது. பிறருடைய மதத்தையும் கருத்தையும் விட்டுவைக்கும் மனநிலை என்ற பொருள் பிறகு சேர்ந்தது.

தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. 'பொறு' என்பதற்கு முதல் பொருள் சுமத்தல்தான். 'பொறை' என்றால் பாரம். பாரத்தைச் சுமப்பதிலிருந்து பிழையை மன்னிப்பது, காத்திருப்பது, ஒரு வேலையை ஏற்பது எல்லாம் கிளைத்தன. பொறுமை, பொறுப்பு இரண்டுக்கும் வேர் இதுவே. பொறாமைக்கும் இதுதான் வேர். பிறர் நன்றாக இருப்பதைப் பொறுக்க முடியாத நிலைதான் பொறாமை. சொல்லமைப்பின்படி பார்த்தால் இன்டாலரன்ஸ் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அதன் பொருள் பொச்சரிப்பு என்ற பக்கம் குறுகிவிட்டதால் இன்றைக்கு அப்படி எழுத முடியாது.

'சகிப்பு' வடமொழி வேரிலிருந்து வந்தது. அதற்கும் தாங்குதல் என்றே பொருள். ஆனால் பேச்சில் இந்தச் சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். "பார்க்கவே சகிக்கல", "சகிக்க முடியாத நாற்றம்" என்று பெரும்பாலும் எதிர்மறையில்தான், அருவருப்போடுதான் வருகிறது. ஆகவே, 'பிற மதத்தாரிடம் சகிப்புத்தன்மையோடு இருப்போம்' என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் 'நாற்றமடிக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு இருப்போம்' என்ற சாயல் கேட்பவர் காதில் மெல்ல விழுகிறது. சொன்னவர் அதை எண்ணியிருக்க மாட்டார். சொல் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

இரண்டு பொருள்கள்

டாலரண்ட் என்ற சொல் வரும் எந்த இடத்திலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம்.

1. தாங்க வேண்டிய சுமை எது? சுமையே இல்லாத இடத்தில் இந்தச் சொல்லுக்கு வேலையில்லை. எனக்குப் பிடித்த பாட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டால் நான் டாலரண்ட் ஆக இருக்கிறேன் என்று சொல்ல முடியாது.

2. எதுவரை? எல்லை இல்லாத டாலரன்ஸ் எந்தத் துறையிலும் கிடையாது.

3. தாங்குபவருக்கு அதைத் தடுக்கும் வலிமை இருக்கிறதா?

முதல் இரண்டும் எல்லாத் துறைக்கும் பொது. மூன்றாவது கேள்வியில்தான் பாதை பிரிகிறது. இரும்புக்கும் நெல்லுக்கும் தடுக்கும் வலிமை கிடையாது. வருவதை வாங்கிக்கொண்டு எவ்வளவு தூரம் கெடாமல் நிற்கிறது என்பதுதான் அங்கே கணக்கு. இதைத் தாங்குதல் என்று வைத்துக்கொள்வோம். தடுக்க முடிந்தவர் தடுக்காமல் விடுவது வேறு. அது பொறுத்தல்.

வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில் 'ஒறுத்தார்', 'பொறுத்தார்' என்று இருவரை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒறுத்தல் என்றால் தண்டித்தல். தண்டிக்கும் வழி இருந்தும் அதைக் கைக்கொள்ளாதவரே பொறுத்தவர் என்பது அந்த எதிர்வைப்பிலேயே கிடைக்கிறது. வெகுளாமையில் இன்னும் நேராகவே சொல்லிவிடுகிறார்:

"செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக்
காக்கின்என் காவாக்கால் என்."

சினம் பலிக்கிற இடத்தில் அதை அடக்குபவன்தான் அடக்குபவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன? நம் மூன்றாவது கேள்வி இதுவேதான்.

பட்டறையில்: எல்லையை எண்ணாகச் சொல்வது

தாங்குதல் என்ற பொருளில் மிகத் துல்லியமானது பொறியியல் பயன்பாடு. கோயம்புத்தூரில் பம்புசெட்டுக்கு ஒரு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கடைகிறார்கள் என்று வையுங்கள். 25 மில்லிமீட்டர் என்று டிராயிங்கில் இருந்தாலும் எந்த லேத்தும் சரியாக 25.000 கொடுக்காது. கருவி தேயும், உலோகம் சூட்டில் விரியும். எனவே எவ்வளவு பிசகலாம் என்பதையும் டிராயிங்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ஷாஃப்ட் நுழையும் துளைக்கு '25 எச்7' என்று இருந்தால் அளவு 25.000-லிருந்து 25.021 மி.மீ. வரை இருக்கலாம். ஷாஃப்டுக்கு '25 ஜி6' என்றால் 24.980 முதல் 24.993 வரை. இந்த எல்லைக்குள் எந்தத் துளையையும் எந்த ஷாஃப்டையும் எடுத்தாலும் உள்ளே போகும், தாராளமாகச் சுழலும்.

அதாவது, பிழை இருக்கும் என்பதை முன்பே ஒப்புக்கொண்டு அதற்கு வேலி போடுவதுதான் இங்கே டாலரன்ஸ். வேலியை இறுக்க இறுக்கச் செலவு ஏறும்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் விஷயம். 12 மி.மீ. டிஎம்டி கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்க வேண்டும். 12 மீட்டர் நீளக் கம்பி என்றால் சுமார் 10.66 கிலோ. ஆனால் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1786, இந்தக் கனத்துக்கு லாட் எடையில், அதாவது ஒரு தொகுதிக் கம்பிகளின் எடையில், 5 சதவீதம் கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. 10.13 கிலோ சராசரி வந்தாலும் அந்த லாட் தேறிவிடும். பெரிய குறை ஒன்றும் இல்லை, விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் கம்பியை எண்ணிக்கையில் வாங்கினால் குறைந்துபோன அந்த 5 சதவீத இரும்புக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். எடையில் வாங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. எல்லையின் எந்த ஓரத்தில் பொருள் நிற்கிறது என்பதால் யாருக்கோ லாபமும் யாருக்கோ நஷ்டமும் வருகிறது.

வயலில்: தாங்கும் ரகமும் எதிர்க்கும் ரகமும்

விதைப் பையில் இருக்கும் இரண்டு சொற்கள் விவசாயிகளை அடிக்கடி ஏமாற்றுகின்றன. எதிர்ப்புத்திறன் உள்ள ரகம் என்றால் நோய்க்கிருமி செடிக்குள் பெருகுவதைத் தடுக்கும் அல்லது வெகுவாகக் குறைக்கும். தாங்கும் திறன் உள்ள ரகம் அப்படியல்ல. கிருமி உள்ளே வரும், பெருகும், செடி மட்டும் விளைச்சலை அதிகம் இழக்காமல் நிற்கும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் போன்ற வைரஸ் நோய்களில் இது முக்கியம். வெள்ளை ஈ அந்த வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. உங்கள் செடி தாங்கிக்கொண்டு பச்சையாக நிற்கலாம், ஆனால் அதிலிருந்து நோய் பக்கத்து வயலுக்குப் போகும்.

எல்லை என்ற இரண்டாவது கேள்விக்கு நெல்லில் அருமையான உதாரணம் உண்டு. சாதாரண நெல்லை வெள்ளம் மூழ்கடித்தால் அது மேலே எட்டிப் பார்ப்பதற்காக வேகமாக நீள்கிறது. அதில் இருப்புச் சத்து எல்லாம் தீர்ந்து, தண்ணீர் வடியும்போது செத்துவிடுகிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகத்தில் இதற்கு நேர்மாறான குணம் இருந்தது. மூழ்கியதும் அது வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சத்தைச் சேமிக்கும், வெள்ளம் வடிந்ததும் மறுபடி தளிர்க்கும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். அந்தக் குணத்தைச் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா சப்-1 இந்தியாவில் 2009-இல் வெளியானது. சுமார் இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். மூன்று வாரம் என்றால் இதுவும் போய்விடும். 'வெள்ளம் தாங்கும்' என்று மட்டும் சொல்லி, எத்தனை நாள் என்று சொல்லாமல் விடுவது விவசாயியை நட்டாற்றில் விடுவதற்குச் சமம்.

உடலுக்குள்: தாங்குவதும் உண்டு, பொறுப்பதும் உண்டு

மருத்துவத்தில்தான் குழப்பம் அதிகம், ஏனென்றால் இரண்டு பொருளும் அங்கே ஒன்றாகப் புழங்குகின்றன.

முதலில் எளிதானவை. பால் குடித்தால் வயிறு உப்பிப் பேதியாவதை 'லாக்டோஸ் சகிப்பின்மை' என்று எழுதுகிறார்கள். லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் நொதி குடலில் போதாததுதான் காரணம். பால் அலர்ஜி வேறு, அது நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டப்படுவதால் வருவது, ஆபத்தாகவும் முடியலாம். இவற்றுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: "எனக்குப் பால் சேராது", "ஒத்துக்காது". ஒத்துக்கொள்ளாமை என்றே எழுதினால் யாருக்கும் விளங்கும்.

கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்களே, அதன் பெயரிலும் டாலரன்ஸ் இருக்கிறது. அவ்வளவு சர்க்கரைச் சுமையை உடல் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது அது. 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் போனால் கர்ப்பகால நீரிழிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுமைக்கும் எல்லைக்கும் இங்கே எண்ணே கொடுத்துவிட்டார்கள்.

மதுவிலும் வலி மருந்திலும் வரும் டாலரன்ஸ் ஆபத்தானது. முன்பு ஒரு அளவில் கிடைத்த விளைவு இப்போது கிடைக்க அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். "எவ்வளவு குடித்தாலும் ஸ்டெடியா இருப்பான்" என்று சொல்வதைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு. மூளை பழகியிருக்கிறது, அவ்வளவுதான். கல்லீரல் அந்த முழு அளவையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி நோபல் பரிசுக்கு வருவோம். நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வேட்டைக்காரர்கள். கிருமி தொற்றிய செல்லைக் கொல்லும் வலிமை அவற்றுக்கு உண்டு. அவை உருவாகும்போது, உடலின் சொந்தப் பாகங்களையே தாக்கக்கூடியவற்றை நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பி பொறுக்கி அழித்துவிடுகிறது. ஆனால் சில தப்பி வெளியே வந்துவிடுகின்றன. அப்படியிருந்தும் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

சகாகுச்சி எலிக்குட்டிகளில் வேலை செய்தார். பிறந்த மூன்றாம் நாள் தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்பு குறைந்து போக வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மாறாக, அவற்றின் உடல் தன்னையே தாக்கத் தொடங்கியது. வேறு எலிகளின் முதிர்ந்த டி செல்களைச் செலுத்தினால் அந்த நோய் வராமல் காக்க முடிந்தது. அப்படியென்றால் டி செல்களிலேயே ஒரு வகை மற்றவற்றை அடக்கி வைக்கிறது. அந்த ஒழுங்குபடுத்தும் டி செல்களை 1995-இல் அவர் அடையாளம் காட்டினார். பிரங்கோவும் ராம்ஸ்டெல்லும் தோல் செதில் செதிலாக உரிந்து இளம் வயதிலேயே சாகும் ஓர் எலி இனத்தை ஆராய்ந்து, ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவின் பழுதே காரணம் என்று 2001-இல் கண்டார்கள். மனிதரில் அதே மரபணு பழுதானால் ஆண் குழந்தைகளுக்குக் கடுமையான தன்னுடல் தாக்குநோய் வருகிறது. ஒழுங்குபடுத்தும் செல்களை உருவாக்குவதே அந்த மரபணுதான் என்பது அடுத்த இரண்டு ஆண்டுகளில் தெளிவானது.

இதிலிருந்து நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: உடல் தன்னைத் தாக்காமல் இருப்பது தூங்கிக் கிடப்பதால் அல்ல. கொல்ல முடிந்த செல்களை வேறு செல்கள் ஒவ்வொரு நாளும் முனைந்து தடுத்துக்கொண்டிருக்கின்றன. காவலுக்கும் காவல் இருக்கிறது. ஆகவே இது தாங்குதல் அல்ல, சந்தேகமில்லாமல் பொறுத்தல். நோயெதிர்ப்புப் பொறுதி என்று எழுதலாம் என்பது என் கருத்து. 'பொறுதி' புதிதாகச் செய்த சொல்லும் அல்ல.

இதற்கும் எல்லை உண்டு. சில புற்றுநோய்க் கட்டிகள் இந்த ஒழுங்குபடுத்தும் செல்களைத் தம்மைச் சுற்றி நிறையச் சேர்த்துக்கொள்கின்றன. வேட்டைக்காரச் செல்கள் அருகே வந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்தப் பொறுதி குறைந்தால் முதல் வகைச் சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்றவை, மிஞ்சினால் கட்டிக்குப் பாதுகாப்பு.

சமூகத்தில்: யார் யாரைப் பொறுப்பது?

ஐரோப்பாவில் இந்தச் சொல் சட்டமாக நுழைந்த விதமே அதன் குறையைக் காட்டுகிறது. 1598-இல் பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றி நான்ட் ஆணையின் மூலம் புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபடும் உரிமை கொடுத்தார். 1685-இல் பதினான்காம் லூயி அதை ரத்து செய்தார். பெருந்திரளான மக்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். கொடுத்தவர் கையில் இருந்ததை வாரிசு எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தின் 1689-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு டாலரேஷன் என்றே பெயர். ஆனால் அரசுத் திருச்சபையை ஏற்காத புராட்டஸ்டண்டுகளுக்கு மட்டுமே அது இடம் தந்தது, கத்தோலிக்கருக்கு இல்லை. இடம் பெற்றவர்களுக்கும் அரசுப் பதவிக் கதவு திறக்கவில்லை.

வலியவர் விட்டுவைக்கிறார் என்ற இந்த வாடை பிடிக்காமல்தான் பலர் சொல்லையே கேள்வி கேட்டார்கள். 1893-இல் சிகாகோவில் விவேகானந்தர், டாலரேஷனோடு நாங்கள் நிற்பதில்லை, எல்லா மதங்களையும் உண்மை என்று ஏற்கிறோம் என்றார். காந்தி 1930-இல் எரவாடா சிறையிலிருந்து எழுதும்போது டாலரன்ஸ் என்ற சொல் தமக்குப் பிடிக்கவில்லை என்றார். பிற மதம் நம் மதத்தைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கக்கூடும் என்பது அவர் காரணம்.

அவர்கள் சொன்னது சரி. ஆனாலும் சொல்லைத் தூக்கி எறிய முடியாது, ஏனென்றால் ஏற்க முடியாத கருத்துகளோடும் நாம் ஒரே தெருவில் வாழ வேண்டியிருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பள்ளிப் பிள்ளைகள் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், தங்கள் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. 1985-இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1986-இல் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபு டாலரன்ஸைக் கற்பிக்கிறது, நம் அரசமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பை முடித்தார். அந்த நம்பிக்கையை நீதிபதிகள் ஏற்க வேண்டியிருக்கவில்லை. தண்டிக்கும் அதிகாரம் உள்ள அரசு தண்டிக்காமல் விட்டால் போதும்.

எல்லை எங்கே என்பதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவர் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர். எல்லையற்ற டாலரன்ஸ் டாலரன்ஸையே அழித்துவிடும் என்று 1945-இல் எழுதினார். அதே இடத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார்: வாதத்தால் எதிர்கொள்ள முடிகிறவரை எந்தக் கருத்தையும் ஒடுக்குவது அறிவுடைமை ஆகாது. இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் வீசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இந்த எல்லையை நன்றாகக் காட்டுகிறது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் ஓடினால் போராட்டமும் வன்முறையும் வரும் என்றது அரசுத் தரப்பு. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொறுக்க மறுக்கும் ஒரு கூட்டம் பேச்சுரிமையைப் பணயமாகப் பிடிக்க விட முடியாது, எதிர்ப்பவர்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று அரசு சொல்வதும் செல்லாது என்றது. பேச்சு பொறுக்க வேண்டியது, மிரட்டல் அப்படியல்ல.

இடம் மாறிய சொல்

இப்போது மூன்றாவது கேள்வியை நம் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று யாரிடம் சொல்கிறோம்? அடிக்கிற கணவனிடம் அல்ல, அடி வாங்குகிற மனைவியிடம். கோயில் நுழைவு மறுக்கப்படும் தெருவுக்குத்தான் நிதானமும் பொறுமையும் போதிக்கப்படுகின்றன. திருப்பி அடிக்கவோ விலகவோ வழியில்லாதவர் செய்வது பொறுத்தல் அல்ல, தாங்குதல். கம்பியிடமும் நெல்லிடமும் கேட்பதை மனிதரிடம் கேட்டுவிட்டு, அதற்குச் சகிப்புத்தன்மை என்று நற்பெயர் சூட்டுவதைத்தான் எழுதுகிறவர்கள் முதலில் நிறுத்த வேண்டும்.

அதனால் மொழிபெயர்க்கும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்:

1. பொருளுக்கும் பயிருக்கும் 'தாங்கும்'. கூடவே எதை, எதுவரை என்பதும் வர வேண்டும்: 'இரண்டு வாரம் வெள்ளம் தாங்கும் நெல்'.

2. உணவுக்கும் மருந்துக்கும் 'ஒத்துக்கொள்ளும்', 'ஒத்துக்கொள்ளாது'. போதைக்கு வரும் டாலரன்ஸுக்குப் 'பழகிப்போதல்' பொருந்தும்.

3. அளவில் வரும் பிசகுக்கு டாலரன்ஸ் என்றே விடலாம், பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

4. அரசும் பெரும்பான்மையும் தண்டிக்காமல் விடுவதற்குப் 'பொறுத்தல்', 'பொறுதி'. அதிகாரம் இல்லாதவர்களுக்கு இந்தச் சொல்லைப் போடும் முன் ஒரு முறை நின்று யோசிக்க வேண்டும்.

5. காவல் துறை அறிக்கைகளில் வரும் 'ஜீரோ டாலரன்ஸ்' என்பதை 'பூஜ்ஜியச் சகிப்புத்தன்மை' என்று எழுதினால், அவர்களிடம் சகிப்புத்தன்மையே இல்லை என்று குறை சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. 'லஞ்சத்துக்குத் துளியும் இடமில்லை' என்று எழுதினால் வேலை முடிந்தது.